மிசன் மிசின்: பசுமலைப் பக்கத்துப் பட்டறையில் ஒரு பல்வேலை மர இயந்திரத்தின் வயதைத் தேடியது

பசுமலை தாண்டித் திருப்பரங்குன்றம் போகிற வழியில் ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக நடக்கிறது. இப்போது நடத்துகிறவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். போன ஆடி மாதம் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, தாத்தா காலத்து மிசின் ஒண்ணு இருக்கு. 1935-ல இங்கிலாந்துல செஞ்சது. பழம்பொருள் வாங்குறவர் ஒருத்தர் வந்து நல்ல விலைக்குக் கேக்குறாரு. ஆனா எந்த ஊரு, எந்த வருஷம்னு எழுதிக் குடுக்கணுமாம். நீங்க ஒரு தடவ வந்து பாத்துட்டு எழுதிக் குடுங்கண்ணே."

நான் முப்பது வருஷம் பஞ்சாலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் மரவேலை மெஷின்களை மட்டும் பழுது பார்க்கிறேன். பழைய மெஷின் ஒன்று எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்று கண்டுபிடிப்பதில் எனக்குத் தீராத ஆசை உண்டு. காசு வாங்காமலே போவேன். மறுநாள் காலையிலேயே போய்விட்டேன்.

போன இடத்தில் கிடைத்த பதில், அவர் சொன்னதும் இல்லை, நான் போகும்போது மனதில் நினைத்திருந்ததும் இல்லை. கடல் தாண்டி வந்த மெஷினுக்கு ஒரே வயது கிடையாது என்பதை அந்தப் பட்டறையில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். இரும்புக்கு ஒரு வயது, மோட்டாருக்கு ஒரு வயது, இங்கே வந்தபின் நம் ஆட்கள் செய்து போட்ட பாகத்துக்கு ஒரு வயது. இவற்றைக் கலந்து பார்த்தால் எல்லாமே தப்பாகிவிடும்.

முதலில் உருவம்

வேங்கை மரத்தில் செய்த கனமான பெஞ்சின் மேல் மெஷின் உட்கார்ந்திருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு உருண்டைக் குழாய்கள், ரயில் தண்டவாளம் மாதிரி. அவற்றின் மேல் தலைப்பாகம் ஒன்று நகர்கிறது. நடுவில் சாய்க்கக்கூடிய ஒரு சின்ன மேசை. மோட்டார் வெளியே தனியாக நின்று, பெல்ட் வழியாகத் தலைப்பாகத்தைச் சுற்றுகிறது. குழாய்களின் ஒரு முனையில் கீல் மாதிரி ஓர் அமைப்பு. பூட்டைத் தளர்த்திவிட்டுத் தூக்கினால் குழாய்கள் தலைப்பாகத்தோடு சேர்ந்து செங்குத்தாக எழுந்து நிற்கும். படுத்திருந்தால் கடைசல் மெஷின், நிமிர்ந்தால் துளை போடும் மெஷின். பிளேடு மாட்டினால் அறுவை, வட்டத் தட்டு மாட்டினால் உப்புத்தாள் தேய்ப்பு, படுத்த நிலையிலேயே பிட் மாட்டினால் பக்கவாட்டுத் துளை. ஒரே மோட்டாரில் ஐந்து வேலை.

பலபேர் பழைய மெஷினைப் பார்த்தவுடன் பேர்த்தகட்டைத் தேடுவார்கள். நான் தகட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன். தகட்டைக் கழற்றி வேறு மெஷினில் அடிக்கலாம். பெயிண்ட் நான்கு தடவை அடித்திருக்கலாம். உருவத்தை யாரும் மாற்ற முடியாது.

பல வேலை செய்யும் மர மெஷின் என்றாலே நம் பக்கம் நினைவுக்கு வருவது வேறு ஜாதி: தட்டையான பெரிய வார்ப்பு மேசை, அதன் ஒரு பக்கம் அறுவை, இன்னொரு பக்கம் இழைப்பு. ஐரோப்பாவில் செய்ததும் சரி, பஞ்சாபில் பட்டாலா பக்கம் செய்ததும் சரி, பெரும்பாலும் அந்த வகைதான். இங்கிலாந்தில் டெர்பி நகரத்தில் செய்த கொரோனெட் மெஷின்கள் கடைசலை மையமாக வைத்தவை. அவற்றில் எதுவும் இப்படிக் குழாயோடு எழுந்து நிற்காது. குழாய்த் தண்டவாளம், எழுந்து நிற்கும் தலை, ஐந்து வேலை என்று மூன்றும் ஒன்றாக இருந்தால் முதலில் நினைக்கவேண்டியது அமெரிக்காவின் ஷாப்ஸ்மித்.

ஷாப்ஸ்மித்தை உருவாக்கியவர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். கலிபோர்னியாவில் மாக்னா என்ஜினியரிங் என்ற கம்பெனி அதைச் செய்து 1947-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. வீட்டுக்குப் பின்னால் சின்ன இடம் வைத்துக்கொண்டு தானே மேசை நாற்காலி செய்யும் ஆட்களுக்காக அது செய்யப்பட்டது. போர் முடிந்த நேரம், வீடு கட்டும் வேகம், ஐந்து மெஷின் வாங்க இடமும் காசும் இல்லாத குடும்பங்கள். அதனால் நன்றாக ஓடியது. முதல் மாடல்கள் 10ஈ, 10ஈஆர். அவற்றில் மோட்டார் வெளியே இருக்கும். 1953-இல் வந்த மார்க் 5 மாடலில் மோட்டார் தலைப்பாகத்துக்குள்ளேயே போய்விட்டது. பெல்ட்டை மாற்றாமல் ஒரு வட்டத் திருகைச் சுற்றியே வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மார்க் 5 வந்ததோடு பழைய மாடலின் காலம் முடிந்தது.

என் முன்னால் நின்றதில் மோட்டார் வெளியே இருந்தது. தலைப்பாகத்தில் வேகத் திருகும் இல்லை, பெல்ட் ஓடும் படிப்படியான சக்கரம், அதாவது புல்லிதான். ஆக, பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடந்து முடிப்பதற்குள்ளேயே 1935 அடிபட்டுப் போனது. இது 10 வரிசை என்றால் 1947-க்கு முன்னால் பிறந்திருக்க முடியாது, 1953 வாக்கைத் தாண்டியும் பிறந்திருக்க முடியாது.

ஆனால் உருவத்தைப் பார்த்துச் சொன்னதை மட்டும் வைத்து எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வராது. பட்டறைக்கார அண்ணனுக்கும் நம்பிக்கை வரவில்லை. "தகட்டுல இங்கிலாந்துனு போட்டிருக்குண்ணே" என்றார்.

தகட்டில் இருந்த மூன்று எழுத்து

தகடு இருந்தது, எழுத்து இல்லை. காரணம் கேட்டபோது அவருடைய அம்மா சொன்னார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷினைத் துடைத்து, தகட்டை மட்டும் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, சந்தனம் குங்குமம் வைப்பார்களாம். அறுபது வருஷத்துக்கும் மேலாகத் தேய்த்தால் எந்த எழுத்து நிற்கும்? மரியாதை செய்து செய்தே அழித்திருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. கவனிப்பு இருந்ததால்தான் மெஷின் இன்னும் ஓடுகிறது.

இப்படித் தேய்ந்த தகட்டைப் படிக்க இரண்டு வழி எனக்குத் தெரியும். ஒன்று, மெல்லிய பட்டர் பேப்பரை மேலே வைத்து, மென்மையான பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்பது. இரண்டாவது, இருட்டு அறையில் டார்ச் லைட்டைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிப்பது. மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்து விழுந்தால் முடி அளவு பள்ளத்துக்கும் நிழல் விழும். கெமிக்கல் எதுவும் போடக்கூடாது. மிச்சம் இருப்பதும் போய்விடும்.

கதவைச் சாத்திவிட்டு டார்ச் அடித்தோம். நடு வரியில் ஆங்கிலத்தில் ஈ, என், ஜி என்ற மூன்று எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தது. குடும்பத்தில் யாரோ எப்போதோ அந்த மூன்றையும் பார்த்து 'இங்கிலாந்து' என்று முடித்து வைத்திருக்கிறார்கள். அதே மூன்று எழுத்தில்தான் 'என்ஜினியரிங்' என்ற சொல்லும் தொடங்குகிறது. பென்சில் தேய்த்த காகிதத்தைப் பார்த்தால், அந்த மூன்றுக்குப் பின்னால் நீளமாக எட்டு எழுத்துக்கு இடம் இருந்தது. இங்கிலாந்து என்றால் ஆங்கிலத்தில் இன்னும் நான்கு எழுத்துதான் வேண்டும். என்ஜினியரிங் என்றால் எட்டு. முன்னால் ஒரு சொல் இருந்த தடமும் தெரிந்தது, அதன் கடைசி எழுத்து ஏ. மாக்னா என்பதும் ஏ-இல்தான் முடியும்.

அந்த அண்ணன் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, மரையையும் பாத்துருவோம்ண்ணே" என்றார். அவரே கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அரை இஞ்ச் போல்ட் சொன்ன நாடு

இங்கிலாந்து மெஷினா அமெரிக்க மெஷினா என்று கேட்டால் போல்ட்டில் இருக்கும் மரை, அதாவது திருகுப் பல், சொல்லும். ஆனால் எல்லா மரையும் சொல்லாது, இதில்தான் பலபேர் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்தின் விட்வொர்த் மரை 1841-இல் வந்தது, பல்லின் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரைக்குக் கோணம் 60 டிகிரி. கோணத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். இஞ்சுக்கு எத்தனை பல் என்று எண்ணினாலும், கால் இஞ்சுக்கு இரண்டிலும் 20, பதினாறில் ஐந்து இஞ்சுக்கு இரண்டிலும் 18, முக்கால் அரைக்கு, அதாவது எட்டில் மூன்று இஞ்சுக்கு, இரண்டிலும் 16. வித்தியாசமே இருக்காது. ஒன்றில் மற்றொன்றின் நட்டு ஏறிக்கூட விடும். அரை இஞ்சில்தான் வழி பிரிகிறது. விட்வொர்த்தில் 12 பல், அமெரிக்கனில் 13.

அரை இஞ்ச் போல்ட் ஒன்றைக் கழற்றி பல் எண்ணும் த்ரெட் கேஜை வைத்தேன். 13 பொருந்தியது. 12 ஆடியது. பக்கத்திலேயே இன்னோர் அரை இஞ்ச் ஓட்டை, அதில் மரை நசுங்கி, பாதி வரை பல்லே இல்லாமல் கிடந்தது. என்ன ஆனது என்று கேட்டேன். சில வருஷம் முன்னால் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தபோது, "இங்கிலாந்து மிசின்தானே" என்று மரை வெட்டும் விட்வொர்த் டேப்பை விட்டு முறுக்கியிருக்கிறார்கள். 13 பல் ஓட்டையில் 12 பல் டேப். வார்ப்பிரும்பு அதற்குமேல் தாங்கவில்லை. நாட்டைத் தப்பாகச் சொன்னால் காகிதத்தோடு போய்விடாது, இரும்பு உடையும். வயதும் ஊரும் சரியாகத் தெரியவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1948-இல் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூன்றும் சேர்ந்து ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. அந்தப் பொது மரையிலும் அரை இஞ்சுக்கு 13 பல்தான். அதனால் 13 என்பது இது 1935 இங்கிலாந்து மெஷின் இல்லை என்பதற்குச் சாட்சி, பிறந்த வருஷத்துக்குச் சாட்சி இல்லை. ஒரு தடயம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்து வைத்துக்கொள்ளவேண்டும்.

சுழல் தண்டையும் வெர்னியரில் பார்த்தோம். 15.85 வந்தது. ஷாப்ஸ்மித் தண்டு எட்டில் ஐந்து இஞ்ச், சரியாகச் சொன்னால் 15.875 மில்லிமீட்டர். அறுவைப் பிளேடு ஏன் கொஞ்சம் ஆடுகிறது என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. பிளேடு மாட்டும் வளையத்தை, அதாவது புஷ்ஷைப் புதிதாகச் செய்தவர் 16 மில்லிமீட்டருக்குத் துளைத்திருக்கிறார். மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் வித்தியாசம், கையில் தெரியாது. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும்போது பிளேடு நடுங்கும், வெட்டு முகம் அலை அலையாக வரும்.

பரணில் இருந்த மோட்டார்

மெஷினில் இப்போது ஓடும் மோட்டார் கிராம்டன் பார்க்கின்சன், இந்தியாவில் செய்தது. 1966-இல் அந்தக் கம்பெனி கிரீவ்ஸோடு சேர்ந்து கிராம்டன் கிரீவ்ஸ் ஆனது. பழைய பெயர் இருக்கிறது என்றால் மோட்டார் அதற்கு முந்தியது. மெஷினின் வயதை இந்த மோட்டாரை வைத்துச் சொல்லியிருந்தால் "இந்திய மெஷின், அறுபதுகள்" என்று எழுதியிருப்பேன்.

"இதுக்கு முன்னாடி இருந்த மோட்டார் எங்க?" என்று கேட்டதற்கு, "எரிஞ்சு போச்சுன்னு தாத்தா எடுத்து வச்சாரு, பரண்ல கெடக்கும்" என்றார். ஏணி போட்டு ஏறினோம். சாக்கில் சுற்றி, எலி கடித்து, ஆனால் முழுசாகக் கிடந்தது. அதன் தகட்டை யாரும் புளி போட்டுத் தேய்க்கவில்லை. அரை குதிரைச் சக்தி, 115 வோல்ட், 60 சைக்கிள், நிமிடத்துக்கு 1725 சுற்று.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. 60 சைக்கிள், 115 வோல்ட் என்றால் அமெரிக்க மின்சாரம். இங்கிலாந்திலும் நம் ஊரிலும் 50 சைக்கிள்தான். சைக்கிள் என்று சொல்லிவந்த அலைவெண் அளவுக்கு ஹெர்ட்ஸ் என்ற பெயரை 1960-இல்தான் உலக அளவு மாநாடு அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்குப் பிறகும் சில வருஷம் அமெரிக்கத் தகடுகளில் சைக்கிள் என்றே போட்டார்கள், ஆகவே அது உறுதியான எல்லை இல்லை. ஆனால் பழைய பக்கம் கை காட்டுகிறது.

அது ஏன் எரிந்தது என்பதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் அமெரிக்காவிலிருந்து சாமான் கொண்டு வருகிறவர்கள் இன்றைக்கும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். 230 வோல்ட்டை 115 ஆகக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வோல்ட் இறங்கும், சைக்கிள் இறங்காது, அது 50 ஆகவே இருக்கும். 60-க்குச் செய்த மோட்டாருக்கு 50 சைக்கிளில் அதே 115 வோல்ட்டைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் இரும்பில் காந்தப் பாய்வு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். இரும்பு தாங்கும் அளவைத் தாண்டினால் கரண்ட் ஏறும், சுருள் சூடாகும், வார்னிஷ் கருகும். 96 வோல்ட் வாக்கில் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கும், அப்போது இழுக்கும் சக்தி கொஞ்சம் குறையும். பரணில் இறக்கிய மோட்டாரைத் திறந்தேன். சுருள் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் கருகியிருந்தால் ஷார்ட். சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் நாள்கணக்கில் சூட்டில் வெந்தது என்று அர்த்தம்.

பழைய மோட்டாரில் பழைய புல்லியும் அப்படியே இருந்தது. இதைவிட நல்ல சாட்சி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. பழைய புல்லியின் ஒரு படியை அளந்தேன், இரண்டரை இஞ்ச். இப்போது ஓடும் மோட்டாரில் உள்ளூரில் வார்த்துக் கடைந்த புல்லியில் அதே படி மூன்று இஞ்ச். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1725 சுற்றை இரண்டரையால் பெருக்கினால் 4312. நம் 50 சைக்கிள் மோட்டார் 1440 சுற்று, மூன்றால் பெருக்கினால் 4320. வேகம் அப்படியே நிற்கிறது. மதுரையில் யாரோ ஒரு லேத்துக்காரர், மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது என்பதைக் கவனித்து, கணக்குப் போட்டு, புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிசாக்கி, வேகத்தைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார். அந்தப் புல்லியின் பூட்டுத் திருகில் விட்வொர்த் மரை, அக்காலத்தில் நம் பட்டறைகளில் இருந்த டேப் அதுதான். அவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் புல்லியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

தலைப்பாகத்தின் ஒரு பேரிங் ஜெய்ப்பூரில் செய்த என்.பி.சி. பெல்ட் நம் ஊர் கோச்சடையில் செய்த ஃபென்னர். இரண்டும் பின்னால் மாற்றியவை, வயதுக்கு உதவாது. ஆனால் பேரிங் சில நேரம் பெரிய உதவி செய்யும். வேறொரு பட்டறையில் இங்கிலாந்து அறுவை மெஷின் ஒன்று 1950 என்று சொல்லி விற்கப்பட்டிருந்தது. உள்ளே திறந்தால் எல்லாப் பேரிங்கிலும் ஆர்.ஹெச்.பி. என்ற முத்திரை. ரான்சம், ஹாஃப்மன், போலார்ட் மூன்று கம்பெனிகளும் சேர்ந்து அந்தப் பெயர் வந்ததே 1969-இல். ஒரு பேரிங் என்றால் மாற்றியது என்று விடலாம், எல்லாமே அப்படி என்றால் யோசிக்கவேண்டும். அதுபோல ஜெர்மன் மெஷினில் 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். அமெரிக்கக் காப்புரிமை எண் இருந்தால் இன்னும் வசதி: இருபது லட்சமாவது எண் 1935-இல் கொடுக்கப்பட்டது, முப்பது லட்சமாவது 1961-இல். எண்ணைப் பார்த்தாலே எந்த வருஷத்துக்கு முந்தி அந்த மெஷின் இருந்திருக்க முடியாது என்று தெரிந்துவிடும்.

பெட்டி மூடியில் எழுதியிருந்தது

பரணில் மோட்டாரோடு ஒரு மரப்பெட்டியும் இருந்தது. பைன் பலகை. நம் பக்கத்து ஆசாரி யாரும் பெட்டி செய்ய அந்த மரத்தை எடுத்திருக்க மாட்டார். உள்ளே கடைசலுக்கு மரத்தைப் பிடிக்கும் முள், ஆலன் சாவி, அப்புறம் வட்டமான உப்புத்தாள் அடுக்கு ஒன்று, பன்னிரண்டு இஞ்ச் விட்டம். மெஷினின் தேய்ப்புத் தட்டும் பன்னிரண்டு இஞ்ச்தான்.

உப்புத்தாளைச் சுற்றியிருந்த உறையில் விலாசம்: செயிண்ட் பால் 6, மினசோட்டா. ஊர்ப் பெயருக்குப் பின்னால் அந்த ஒற்றை எண் 6-தான் முக்கியம். அமெரிக்காவில் பெரிய நகரங்களுக்கு இப்படி மண்டல எண் போடும் பழக்கம் 1943-இல் வந்தது. 1963 ஜூலையில் ஐந்து இலக்க ஜிப் எண் வந்தவுடன் அது போய்விட்டது. உறை அந்த இருபது வருஷத்துக்குள் அச்சடித்தது. தனியாக இது மெஷினின் வயதைச் சொல்லாது. மற்ற எதையும் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அதுவே எனக்குத் தேவையாக இருந்தது.

பெட்டி மூடியின் வெளிப்பக்கம் கறுப்பு மையில் தமிழில் ஒரே சொல் எழுதியிருந்தது: மிசன்.

"மிசின்னுதான் எழுதியிருக்கு, தாத்தா எழுத்து" என்றார் அண்ணன். வீட்டில் எல்லோரும் அப்படியே படித்து வந்திருக்கிறார்கள். மெஷின் பெட்டிமேல் மிசின் என்று எழுதுவது இயல்புதானே. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தாத்தாவின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டியபோது அவர் மெஷினை எல்லா இடத்திலும் 'மிசின்' என்று, சி-க்குச் சுழியைத் தெளிவாகப் போட்டே எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் இரண்டும் ஒரே வரியில் வந்தது:

மன்மத ௵ ஆவணி ௴ 10 ௳ மிசன் பங்களா சாமான் ஏலம். மிசின் 1, மோட்டார் 1, பெட்டி 1. ரூ. 185-8-0.

மிசன் என்பது மிஷன். அமெரிக்கன் மதுரை மிஷன்.

அந்த ஒரு வரியில் வருஷம் இரண்டு முறை இருக்கிறது. மன்மத வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும்: 1895, 1955, 2015. மோட்டார் வைத்த மெஷினுக்கு 1955 தவிர வேறு வழி இல்லை. ஆவணி 10 என்றால் ஆகஸ்ட் கடைசி வாரம். விலை பழைய ரூபாய், அணாக் கணக்கில் இருக்கிறது. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-இல். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. மெஷின் 1955-இல் இந்தக் குடும்பத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் கொஞ்ச காலமாவது அந்தப் பங்களாவில் இருந்திருக்கவேண்டும். உருவம் சொன்ன 1947 முதல் 1953 வரை என்பதோடு இது அழகாகப் பொருந்துகிறது.

அப்போதுதான் அண்ணனின் அம்மா ஒன்று சொன்னார். "எங்க மாமா சொல்லுவாக, வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்த மிசின்னு." வெள்ளைக்காரன் என்றால் இங்கிலாந்துக்காரன், வெள்ளைக்காரன் காலம் என்றால் சுதந்திரத்துக்கு முன்னால். அடுத்த தலைமுறை அப்படித்தான் புரிந்துகொண்டது, அங்கேதான் 1935 முளைத்திருக்கிறது. ஆனால் இந்த ஊரில் அமெரிக்க மிஷன் 1834-இல் இருந்து இருக்கிறது. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் தொடங்கியதே இந்தப் பசுமலையில்தான். 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகும் அமெரிக்கர்கள் இங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள். தாத்தா சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வெள்ளைக்காரர்தான், கப்பலில்தான். ஆனால் இங்கிலாந்துக் கப்பல் இல்லை, வெள்ளைக்காரன் ஆட்சியும் இல்லை.

இந்த மாதிரி வேலையில் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தப்பு. சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார், கேட்டவர் அதில் தன் அர்த்தத்தை நிரப்பியிருப்பார். அந்த நிரப்பலை மட்டும் பிரித்து எடுக்கவேண்டும்.

பூட்டுத் திருகு

வாங்க வந்தவரிடம் சொன்னோம்: அமெரிக்கா, ஷாப்ஸ்மித் 10 வரிசை, 1947-க்கும் 1953-க்கும் நடுவில் செய்தது, மோட்டார் பின்னால் இங்கே மாற்றியது. அவருக்கு 'இங்கிலாந்து 1935' என்று எழுதித்தான் வேண்டியிருந்தது. நான் எழுத மாட்டேன் என்றேன். பிறகு அவர் வரவில்லை. அண்ணனுக்கும் அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், சாயங்காலம் வந்து அதில் பம்பரமும் மத்தும் சப்பாத்திக் கட்டையும் கடைகிறான். விற்றால் அவன் கோபித்துக்கொள்வான் என்றார்.

பையன் கடைகிறான் என்று கேட்டவுடன் எனக்கு வேறு கவலை வந்தது. ஷாப்ஸ்மித்துக்குச் சட்ட வரலாற்றில் ஓர் இடம் உண்டு. கலிபோர்னியாவில் கிரீன்மன் என்பவருக்கு அவருடைய மனைவி 1955 கிறிஸ்துமஸுக்கு ஒரு ஷாப்ஸ்மித் வாங்கிக் கொடுத்தார். 1957-இல் அதைக் கடைசலாகப் பயன்படுத்தத் தேவையான பாகங்களை அவர் வாங்கினார். ஒருநாள் மரம் கடைந்துகொண்டிருக்கும்போது கட்டை பிய்த்துக்கொண்டு வந்து நெற்றியில் அடித்துப் பலத்த காயம். பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பூட்டுத் திருகுகள் போதாது, சாதாரண அதிர்விலேயே கட்டையைத் தாங்கும் பின்தாங்கி நகர்ந்துவிடும் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். 1963-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி டிரெய்னர் எழுதிய தீர்ப்பு, குறையுள்ள பொருளைச் சந்தைக்கு விட்டு அதனால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் செய்தவரே பொறுப்பு என்றது. அமெரிக்காவில் பொருள் பொறுப்புச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

மெஷினின் பெயரைக் கண்டுபிடித்ததால்தான் இந்த வழக்கு நினைவுக்கு வந்தது, நினைவுக்கு வந்ததால்தான் அந்தத் திருகுகளைப் பார்த்தேன். பின்தாங்கியின் பூட்டுத் திருகில் முனை வட்டமாகத் தேய்ந்திருந்தது. எவ்வளவு முறுக்கினாலும் குழாயைக் கவ்வாமல் வழுக்கியது. கையால் பலமாகத் தள்ளினால் நூல் அளவு நகர்ந்தது. சின்னப் பையன் அதன் முன்னால் நின்றுதான் இத்தனை நாள் கடைந்திருக்கிறான். அன்றைக்கே மெஷினை நிறுத்தச் சொன்னேன்.

சிம்மக்கல்லில் அலைந்து 13 பல் அரை இஞ்ச் டேப் ஒன்று வாங்கினேன். நசுங்கிய ஓட்டையைப் பெரிசாக்கி, எஃகு புஷ் இறக்கி, அதில் புது மரை போட்டோம். பின்தாங்கிக்கு முனை கடினப்படுத்திய திருகுகள், ஒன்றுக்கு இரண்டாக, இரண்டாவது முதலாவதைப் பூட்டும்படி. பிளேடு புஷ்ஷை 15.875-க்குக் கடையச் சொல்லி, லேத்துக்காரர் பக்கத்திலேயே நின்று அளந்து வாங்கினேன். பையனுக்கு முகக் கவசம் ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். அது இல்லாமல் மெஷினைத் தொடக்கூடாது என்று அவன் அப்பா சொல்லிவிட்டார்.

நான் கண்டதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெஞ்சின் இழுப்பறையில் ஒட்டியிருக்கிறேன். இரும்பு ஒரு வரி, எரிந்த மோட்டார் ஒரு வரி, ஓடும் மோட்டார் ஒரு வரி, புல்லி ஒரு வரி, நோட்டில் இருந்த ஆவணி மாதத்து வரி அப்படியே ஒரு வரி. ஒவ்வொன்றுக்கும் எதைப் பார்த்துச் சொன்னேன் என்றும் எழுதியிருக்கிறேன். எரிந்த மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அதைத் துடைத்துப் பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அந்த அம்மா போன் செய்தார். தகட்டை எதைக்கொண்டு துடைக்கலாம் என்று கேட்டார். காய்ந்த பருத்தித் துணி போதும் தாயி, புளி வேண்டாம், சந்தனத்தைத் தகட்டுக்குப் பக்கத்தில் இரும்பில் வையுங்கள் என்று சொன்னேன்.